வெர்ன் ஸ்டூக்கல் தன் கையெழுத்தைக் கற்றுக்கொண்ட விதம்

பெரிய ஏரிகள் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் பதினாறு பேர் கொண்ட மூத்தோர் குழு இருக்கிறது. பன்னிரண்டு ஓட்டு வாங்கினால் வெண்கலத் தகடு. இந்தப் பதினாறு பேரில் ஒன்பது பேர் ஆட்டக்காரர் படம் போட்ட பழைய அட்டை, பந்து, மட்டை சேர்ப்பவர்கள். மூன்று பேர் ஏலக் கம்பெனிகளுக்கு ஆலோசகர்கள். ஒருவர் கூட்டங்களில் தூங்குவார். மீதி மூன்று பேர் பேஸ்பால் ஆட்டம் பார்த்திருக்கிறார்கள்.

போன நவம்பரில் இந்தக் குழு எட்டுப் பேரின் பட்டியலை வெளியிட்டது. ஆறாவது பெயர் வெர்ன் ஸ்டூக்கல். ஏரி லீக்கில் பதினொரு வருஷம் கேட்சராக, அதாவது மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிப்பவராக, இருந்தவர். என் மாமனார். சரியாகச் சொன்னால் முன்னாள் மாமனார். அவர் மகள் கெயில் என்னை விட்டு அரிசோனாவுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. வெர்னுக்குக் கண் மங்கிவிட்டது, கார் ஓட்டும் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்கு மீன் உறைய வைக்கும் ஆலையில் இரவு வேலை, பகல் சும்மா கிடக்கிறது. அதனால் நான்தான் அவருக்கு ஓட்டுவேன். அவர் இன்னும் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுகிறார். பதவி காலாவதியானதை யாரும் அவரிடம் முறைப்படி தெரிவிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பட்டியல் வெளியான அன்று காலையில் அவருடைய 1966-ஆம் வருஷ அட்டை நாலு டாலர். சாயங்காலம் தொண்ணூற்றைந்து. அவர் ஆட்டத்தை விட்டு ஐம்பது வருஷம் ஆகிறது. அன்று பகல் முழுக்க அவர் செய்த ஒரே காரியம் சமையலறைத் தொட்டியின் அடைப்பை எடுத்தது.

“நான் என்னடா மாப்ள பண்ணேன்?” என்றார்.

“ஒண்ணும் பண்ணல மாமா. லிஸ்ட்ல பேர் வந்திருக்கு.”

“என்கிட்ட அந்த அட்டை ஒண்ணுகூட இல்லயே.”

“அதனாலதான் ஏறியிருக்கோ என்னவோ.”

அவரிடம் இருந்தது ஒரு கையுறை. 1967 இறுதி ஆட்டத்தில், வேலியைத் தாண்டிக் கடலைக்காரன் மேல் விழுந்து கடைசிப் பந்தைப் பிடித்தாரே, அந்தக் கையுறை. அன்றைக்கு உடை மாற்றும் அறையில் அதன் பட்டையில் பேனாவால் தன் பெயரை எழுதி வைத்தார். யாராவது மாற்றி எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்பதற்காக. பிற்காலத்தில் அதற்கு விலை வரும் என்று அல்ல.

எங்கள் ஊரில் பழைய அட்டைக் கடை வைத்திருப்பவன் கர்ட் போஹனன். மறுநாளே வீட்டுக்கு வந்தான், கையில் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம். கர்ட் இதுவரை யாருக்கும் எதுவும் வாங்கிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. பட்டியலுக்கு மூன்று வாரம் முன்னாலேயே அவன் வெர்னின் அட்டையை முந்நூறு வாங்கி வைத்திருந்தான் என்பது பிறகு தெரிந்தது.

“வெர்ன் அண்ணே, வாழ்த்துகள். உடம்பு எப்படி?”

“முட்டி வலி. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்.”

“நல்லாவா?” கர்ட்டின் முகம் கொஞ்சம் வாடியது. “சரி சரி, நல்லா இருங்க. அந்தக் கையுறைய இப்ப வித்தா ஆறாயிரம் கிடைக்கும். மண்டபத்துல சேத்துட்டாங்கன்னா நாப்பதாயிரம். ஓட்டு கம்மியாப் போச்சுன்னா நானூறு. எதுக்கும் அது உங்களோடதுதான்னு ஒரு சான்று வாங்கி வச்சிருங்க. சான்று இல்லன்னா அது வெறும் மாட்டுத்தோலு.”

“என்னோடதுதான்னு எனக்குத் தெரியுமே.”

“உங்களுக்குத் தெரிஞ்சு என்னண்ணே பிரயோஜனம்?” என்றான் கர்ட், உண்மையான அனுதாபத்தோடு.

நாற்பதாயிரம் என்ற சொல்லை வெர்ன் பலகாரம் தீரும்வரை வாயில் வைத்திருந்தார். காரணம் உண்டு. அவர் மனைவி டோரீனுக்கு ஞாபகம் போய் நாலு வருஷம். எங்கள் தெருவிலிருந்து ஆறு தெரு தள்ளி வில்லோ பெண்ட் என்ற தனியார் பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள். வெர்ன் தினமும் பதினொன்றரைக்கு நடந்தே போவார். டோரீன் அவர் கையால் கொடுத்தால்தான் மதியச் சாப்பாடு சாப்பிடுவாள். மற்றவர்கள் கொடுத்தால் துப்புவாள். வீட்டை அடமானம் வைத்த பணம் ஏப்ரல் கடைசிவரை வரும். அதற்குப் பிறகு கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், நடத்தும் இலவச இல்லம். அது தெற்கே நூற்றுப்பத்து மைல். கார் ஓட்ட முடியாத மனுஷன் நூற்றுப்பத்து மைல் நடந்து போய் மதியச் சோறு ஊட்ட முடியாது. இரவு வேலை முடித்து வரும் நானும் தினமும் அவ்வளவு தூரம் போய் வர ஓட்ட முடியாது. அவர் கணக்கு இவ்வளவுதான்: கையுறை விற்றால் டோரீன் ஆறு தெரு தள்ளி இருப்பாள்.

ஜனவரியில் டொலிடோ நகரத்தில் ஒரு விடுதியின் விருந்துக் கூடத்தில் பெல்வெதர் அசல்சான்று நிறுவனம் முகாம் போட்டது. வேலை முடித்து நேரே வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனேன். வரிசையில் நூறு பேர். ஒவ்வொருவரும் ஒரு பொருளைக் குழந்தையைப் போலத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது மேஜைக்குப் பின்னால் தலைமை நிபுணர் கிரான்ட் ஆலர்டைஸ் இருந்தார். வெள்ளைக் கையுறை, ஊதா விளக்கு, இரண்டு பூதக்கண்ணாடி.

“கட்டணம் பொருளோட மதிப்பப் பொறுத்தது,” என்றார் ஆலர்டைஸ். “இவர் மண்டபத்துக்குப் போவாரா?”

“தெரியாதுங்க. அது நான்தான்,” என்றார் வெர்ன்.

“அப்ப வாய்ப்பு அறுபது சதவீதம்னு வச்சுக்கறோம். அறுநூறு டாலர்.”

கட்டினார். ஆலர்டைஸ் பட்டையை ஊதா வெளிச்சத்தில் பார்த்தார், ஒரு கணினிப் படத்தோடு ஒப்பிட்டார், பெருமூச்சு விட்டார்.

“வருத்தமா இருக்கு. கையுறை அந்தக் காலத்துதான். ஆனா கையெழுத்து வெர்ன் ஸ்டூக்கலோடது இல்ல.”

“நான்தானே போட்டேன்.”

“நிறைய குடும்பங்கள் இப்படி நம்பிட்டுத்தான் வர்றாங்க சார்.”

“குடும்பம் இல்லய்யா. நானே.” வெர்ன் அடையாள அட்டையை எடுத்து வைத்தார்.

ஆலர்டைஸ் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். “இது நீங்க யாருன்னு சொல்லுது. கையெழுத்து யாரோடதுன்னு சொல்லலயே.”

வெர்ன் மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்து அவர் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டார். ஆலர்டைஸ் அதையும் ஊதா விளக்கில் பார்த்தார்.

“இதுவும் இல்ல,” என்றார். “ஆனா ரெண்டையும் ஒரே ஆள்தான் போட்டிருக்கார். அத உறுதியாச் சொல்லுவேன்.”

பின்னால் நின்ற ஒருவன், “யோவ், போலிக்காரனப் பிடிச்சிட்டாங்களா?” என்று எட்டிப் பார்த்தான்.

அசல் எது என்று நான் கேட்டேன். ஆலர்டைஸ் கணினியைத் திருப்பினார். சான்று பெற்ற பந்துகளில் மாதிரிக்கு நாற்பத்தாறின் படம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, பெரிய சுழியோடு, சந்தோஷமான ஒரு கையெழுத்து. வெர்ன் குனிந்து மூக்கு திரையில் படும் அளவுக்குப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த வருஷத்தில் அது ஒன்றுதான்.

“இது சால்! நம்ம சால் மினெட்டி போட்டதுடா!”

சால் மினெட்டி உடை அறைப் பொறுப்பாளர். துணி துவைப்பது, காலணி துடைப்பது, ரசிகர்களுக்கு அனுப்பும் பந்துகளில் கையெழுத்துப் போடுவது எல்லாம் அவர் வேலை. ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் குளிக்கப் போய்விடுவார்கள். சால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இருபத்தைந்து பேரின் பெயரையும் வரிசையாகப் போடுவார். எல்லா அணிகளிலும் அப்படித்தான். யாரும் அதை ரகசியமாக வைக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சால் 1991-இல் செத்துப்போனார்.

ஆலர்டைஸ் மெதுவாக எழுந்து பின்னால் இருந்த கதவைச் சாத்தினார். “இதுவரைக்கும் ஸ்டூக்கல் கையெழுத்துக்கு மட்டும் ரெண்டாயிரத்து எழுநூறு சான்று கொடுத்திருக்கோம்,” என்றார். “ரெண்டாயிரத்து எழுநூறு பேர் ஒரே நாள்ல தப்பா இருக்க முடியாது சார். ஒருத்தர் தப்பா இருக்கறதுதான் நடக்கக்கூடியது.”

ஒரு வாரத்தில் புகழ் மண்டபத்திலிருந்து கார் அனுப்பினார்கள். வெர்ன் என்னையும் கூட்டிக்கொண்டார். மண்டபத்தின் இயக்குநர் லியனார்ட் விட்காம் எங்களுக்குக் காப்பி கொடுத்து, முதலில் வெர்னின் ரத்த அழுத்தத்தை விசாரித்தார். உதவியாளர் குறித்துக்கொண்டார். அப்பா எத்தனை வயதுவரை இருந்தார் என்று கேட்டார். தொண்ணூற்றேழு என்றதும் உதவியாளர் பேனாவை வைத்துவிட்டார்.

“மனசு விட்டுப் பேசலாம்,” என்றார் விட்காம். “புகழுங்கறது என்ன? ஜனங்க ஒரு ஆள் மேல வச்சிருக்கற நம்பிக்கை. அந்த நம்பிக்கைய எதால அளக்கறது? விலையால. வேற அளவுகோல் எங்ககிட்ட இல்ல, இருந்தா சொல்லுங்க. இப்ப உங்க கையெழுத்து விஷயம். அதப் போட்டவர் இறந்துட்டார்னு சொல்றீங்க. அது எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச செய்தி. இறந்தவர் கூடுதலாப் போட மாட்டார். கையிருப்பு நிலையா இருக்கு. ஆனா நீங்க உயிரோட இருக்கீங்க. தினமும் போடலாம். நூறு போடலாம். உங்க மேல எங்களுக்குக் கோபம் இல்ல, ஆனா சந்தை உங்களப் பார்த்துப் பயப்படுது.”

“நான் யாருக்குமே போடறது இல்லயே சார்.”

“மனசு மாறலாம்.” விட்காம் நாற்காலியை நெருக்கமாக இழுத்தார். “பெரிய காரியம் ஒண்ணும் இல்ல. ஒரு சத்தியப் பத்திரம். பந்துகள்ல இருக்கறதுதான் உங்க கையெழுத்துன்னு. அவ்வளவுதான். குழுவுல பதிமூணு பேர் அந்தப் பத்திரத்துக்குத்தான் காத்திட்டிருக்காங்க.”

“போட்டா மண்டபத்துல சேத்துருவீங்களா?”

“நாங்க எதையும் முன்கூட்டிச் சொல்றது இல்ல. பதிமூணு ஓட்டு விழும்.”

“சேத்துட்டா கையுறை நாப்பதாயிரத்துக்குப் போகுமா?”

“மண்டபத்துல சேர்ந்தவரோட கையுறைக்கு நாப்பதாயிரம் குறைச்சல்,” என்றார் விட்காம். அது பொய்யில்லை. பிறகு நான் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த அறையில் யாருமே பொய் சொல்லவில்லை.

ஒரே ஒரு சிக்கல். பத்திரத்தில் வெர்ன் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய கையெழுத்தில் போட்டால் அது போலி, பத்திரம் செல்லாது. ஆகவே அவருடைய கையெழுத்தை அவர் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்காக மண்டபம் ஆலர்டைஸையே நியமித்தது. வாரம் மூன்று நாள், ஆறு வாரம். கோடு போட்ட நோட்டு, மெல்லிய தாள், சாலின் கையெழுத்தைப் பெரிதாக்கிய படம். எண்பத்தோரு வயதில், பந்து பட்டுப் பட்டு நாலு விரல் வளைந்துபோன கையால், வெர்ன் சமையல் மேஜையில் உட்கார்ந்து சுழி போடப் பழகினார்.

“இன்னும் கொஞ்சம் உற்சாகமா,” என்பார் ஆலர்டைஸ். “ஸ்டூக்கல் இப்படி முறைச்சிட்டுப் போட மாட்டார். அவரு கலகலப்பான மனுஷன்.”

“அவர உங்களுக்குத் தெரியுமா?”

“முப்பது வருஷமா அவர் கையெழுத்தோட வாழறேன் சார். அவரோட மனசு எனக்குத் தெரியும்.”

இரண்டாவது வாரம் பத்துக்கு மூன்று மதிப்பெண் கிடைத்தது. நாலாவது வாரம் ஐந்து. ஆலர்டைஸ், “முயற்சி பண்றார், ஆனா இயல்பாவே வரல” என்று அறிக்கை எழுதினார். வெர்ன் அதை என்னிடம் காட்டியபோது எனக்குக் கல்லூரியில் கொடுத்த கடைசி அறிக்கை நினைவுக்கு வந்தது. அதிலும் கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான். நான் படிப்பை விட்டேன். அவருக்கு விடும் வசதி இல்லை.

நோட்டை அவர் வில்லோ பெண்டுக்கும் எடுத்துப்போவார். ஒருநாள் டோரீனுக்குச் சூப் கொடுத்துவிட்டு, அவள் படுக்கை மேலேயே ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்றிருந்தேன். டோரீன் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவளுக்கு அப்போது தன் மகள் பெயர் தெரியாது, மாதம் தெரியாது.

“இது சால் எழுதறதுல்ல?” என்றாள். “சால் வந்திருக்கானா?”

வெர்ன் நோட்டை மூடினார். “இல்ல டோரீன். நான்தான்.”

“நீ இப்படி எழுத மாட்டியே. நீ கோழி கிளறின மாதிரில்ல எழுதுவ.” பிறகு கோபமாக, “சால் எங்க? போன வாரமே கடலை கொண்டு வரேன்னான்” என்றாள்.

பெல்வெதர் நிறுவனம் அறுநூறு டாலர் வாங்கிக்கொண்டும் கண்டுபிடிக்காததை அவள் கண்டுபிடித்தாள். அவள் சொல்லுக்குச் சட்டப்படி மதிப்பில்லை. அவளுக்கு மனநிலை சரியில்லை என்று மருத்துவச் சான்றே இருக்கிறது.

மார்ச் இரண்டாம் வாரம் ஆறு மதிப்பெண் வந்தது, போதும் என்றார்கள். பத்திரம் நாலு பக்கம். வெர்னின் மங்கிய கண்ணுக்குப் பொடி எழுத்து தெரியாததால் நான்தான் படித்துச் சொன்னேன். பதினொரு மணி நேரம் மீன் பெட்டி அடுக்கிவிட்டு வந்திருந்தேன். முதல் இரண்டு பக்கம் ஒழுங்காகப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் என் கண் செருகிவிட்டது. நாலாவது பக்கத்தில் முழித்துக்கொண்டு, “மத்ததெல்லாம் வக்கீல் பாஷை மாமா” என்றேன். முப்பத்தெட்டுத் தாள் வீணாகி, முப்பத்தொன்பதாவதில் சுழி சரியாக விழுந்தது. விட்காம் கை தட்டினார்.

பதினாறில் பதினாறு ஓட்டு. தூங்குபவரும் போட்டார்.

ஏப்ரல் ஆறாம் தேதி விழா. ஈர மைதானத்தில் நானூறு மடக்கு நாற்காலி. வெர்னுக்கு ஒரு மெரூன் கோட்டு கொடுத்தார்கள், தோள் அளவு பெரிது. விட்காம் பேசினார்.

“நண்பர்களே, இன்று நாம் ஒரு மனிதரைக் கௌரவிக்கவில்லை, ஒரு சேகரிப்பைக் கௌரவிக்கிறோம். மனிதர்கள் வருவார்கள், போவார்கள். சிலர் போகத் தாமதமும் ஆகலாம். ஆனால் பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்துச் சீலிட்ட ஒரு பந்து நம்மைக் கைவிடாது. சிலர் கேட்கிறார்கள், ஐம்பது வருஷமாக இவர் எங்கே இருந்தார், ஏன் இப்போது என்று. அவர்களுக்கு என் பதில்: ஐம்பது வருஷமாக அவருடைய அட்டைகள் சரியான கைகளில் இல்லை. இன்று இருக்கின்றன. வரலாறு பொறுமையானது. நமது உறுப்பினர்கள் அதைவிடப் பொறுமையானவர்கள்.”

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். வெண்கலத் தகட்டின் திரையை விலக்கினார்கள். வெர்னின் முகம் ஓரளவு வந்திருந்தது. அதன் கீழே சால் மினெட்டியின் கையெழுத்து மிக அருமையாக வந்திருந்தது.

அட்டை விலை விழாவுக்கு முந்தின நாள் இருநூற்றுப்பத்து. மறுநாள் நாற்பது. இது எப்போதும் இப்படித்தானாம்: சேர்க்கப் போகிறார்கள் என்று நம்பும்போது ஏறும், சேர்த்துவிட்டால் நம்ப ஒன்றும் மிச்சமில்லை. கர்ட் முந்நூறு அட்டையையும் விழாக் கூட்டத்தில், வெர்ன் மேடையில் இருந்தபோதே விற்றுவிட்டான்.

கையுறையை மீண்டும் பெல்வெதருக்கு அனுப்பினோம். இந்தத் தடவை மண்டபத்தில் சேர்ந்தவர் என்பதால் கட்டணம் தொள்ளாயிரம். பதில் ஒன்பது நாளில் வந்தது. நான் கர்ட்டின் கடையில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். “பட்டையில் உள்ள கையெழுத்து அடையாளம் தெரியாத நபருடையது. ஆட்டக்காரரே தன் சத்தியப் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில், பெல்வெதர் பதிவோடு ஒத்துவராத எந்தக் கையெழுத்தும் தான் போட்டதல்ல என்றும், அத்தகைய கையெழுத்துள்ள எந்தப் பொருளும் தன்னிடம் ஒருபோதும் இருந்ததில்லை என்றும் உறுதி கூறியுள்ளார்.”

கடிதத்தோடு திரும்பி வந்திருந்த கையுறையை வெர்ன் கையில் மாட்டிப் பார்த்தார்.

“அப்ப அந்தப் பந்தப் பிடிச்சது யாரு?” என்றார் வெர்ன்.

“நீங்கதாண்ணே,” என்றான் கர்ட். “அதான் தகட்டுல போட்டிருக்கே. இந்தக் கையுறையால பிடிக்கல, அவ்வளவுதான்.”

“இதுக்கு என்ன குடுப்ப?”

கர்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “யாரோ ஒருத்தன் மேல கிறுக்கி வச்சிருக்கான். கிறுக்கல் இல்லன்னா அறுபது குடுப்பேன். இப்ப முப்பத்தஞ்சு. அதும் நீங்கங்கறதால.”

மூன்றாம் பக்கத்தைப் பற்றி வெர்ன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காரில் ஏறியபின், “பெல்ட்டப் போடு மாப்ள” என்றார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நான் மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

விட்காமுக்குப் போன் செய்தேன். மண்டபத்தால் தனிப்பட்ட சூழ்நிலைகளில் தலையிட முடியாது என்றார். ஆனால் திருமதி ஸ்டூக்கலுக்கு வாழ்நாள் இலவச நுழைவுச் சீட்டு அனுப்பிவைத்தார்.

ஏப்ரல் முப்பது, காலை ஒன்பதரை. கவுண்டியின் வேன் வில்லோ பெண்ட் வாசலில் இஞ்சின் அணைக்காமல் நின்றது. டோரீனைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிப் பட்டை கட்டிவிட்டார்கள். அவளுக்கு ஊருக்குப் போவது போலத் தெரிந்திருக்கும். தொப்பி வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கி வைத்துக்கொண்டாள். கவுண்டியிலிருந்து வந்த பெண், பெயர் டானெட், நல்ல மாதிரிதான், ஒப்புதல் தாளை அட்டைப் பலகையில் மாட்டி வெர்னிடம் நீட்டினாள்.

“அவளுக்கு மதியச் சாப்பாடு யார் குடுப்பாங்க?” என்றார் வெர்ன்.

“ஆள் இருக்காங்கய்யா. முப்பது பேருக்கு ரெண்டு பேர்.”

“துப்புவா.”

“பழகிருவாங்க. இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒண்ணு.”

வெர்ன் பேனாவைப் பிடித்துக்கொண்டு தாளின் மேல் குனிந்தார். குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு என்னை.

“மாப்ள, எத போடணும்? நான் சத்தியம் பண்ணியிருக்கேனே.”

எனக்குச் சட்டம் தெரியாது. தெரியவில்லை மாமா என்றேன்.

“எதையாவது கிறுக்குங்கய்யா,” என்றாள் டானெட். “இத யாரும் பார்க்கப் போறதில்ல. வேன் நிக்குது.”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக, பெரிய சுழியோடு போட்டார். நன்றாக வந்தது. பத்துக்கு எட்டு கொடுக்கலாம். இரண்டாவது இடத்தில் அதைவிட நன்றாக வந்தது. டானெட் பார்க்காமலே தாளை மடித்துப் பையில் செருகினாள், கதவைச் சாத்தினாள். சால் மினெட்டியின் கையெழுத்தில் டோரீன் தெற்கே கிளம்பினாள்.